வாத்துக் கப்பல் கேப்டனின் கத்தி

எங்கள் வீட்டில் கத்தியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு முறை தக்காளி நறுக்கப் போய், தக்காளியைவிட அதிகமாகச் சிவப்பு வந்ததால் என் மனைவி போட்ட சட்டம் அது. இன்றுவரை திருத்தம் ஏதும் இல்லை. இப்படிப்பட்ட நான்தான், ஆன்லைனில் விலைக்கு வரும் பழைய மடக்குக் கத்திகளில் எது ஒரிஜினல், எது டூப்பு என்று மூன்று வருஷமாகத் தமிழ்நாட்டுக்கே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்தில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் எடை மேடையில் எனக்கு வேலை. லாரி வந்து ஏறும், எதிரே திரையில் எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். லாரி வராத நேரம்தான் அதிகம். மழைக்காலத்தில் உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டால் வாரக் கணக்கில் அந்தக் கண்ணாடிக் கேபினில் நானும் ஒரு நாயும்தான். நாய் தூங்கும். நான் போன் பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் பழைய மடக்குக் கத்தி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கூடும் குரூப் ஒன்று கண்ணில் பட்டது.

சேர்ந்த முதல் வாரமே ஒரு கத்தி வாங்கினேன். உலகப் போரில் ஒரு வெள்ளைக்கார சிப்பாய் வைத்திருந்தது என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்த கத்தியைத் திறந்தால் உள்பக்கம் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் அதையும் பழசு என்றுதான் நினைத்தேன். வெளிறிப் போயிருந்தது.

குரூப்பில் போட்டோ போட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்த அவமானத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். வீடியோ, கட்டுரை, பழைய விலைப் பட்டியல்களின் போட்டோ என்று கிடைத்ததை எல்லாம். படித்த சாரம் இதுதான். நிஜமாகவே புழங்கிய கத்தி, கை படும் இடத்தில் வழவழப்பாக இருக்கும், துணி போய்த் துடைக்க முடியாத மூலையில் மட்டும் அழுக்கும் துருவும் பிடித்திருக்கும். டூப்பு அப்படி இல்லை. செய்கிறவன் டீத்தூள் தண்ணியிலோ வினிகரிலோ உப்புத் தண்ணியிலோ ஊறப்போட்டு ஒரே வாரத்தில் அறுபது வயசு ஏற்றியிருப்பான். ஊறியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிழண்டிருக்கும். அலகின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா, ஆணிகள் கையில் தட்டாமல் சமமாக இருக்கின்றனவா, மூடும்போது ஸ்பிரிங் 'டக்' என்று ஒரே அடியாக விழுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உப்புத் தண்ணீர் விஷயம் வந்துவிட்டால் குரூப்பில் எனக்கு மேல் கோர்ட் கிடையாது. "அண்ணன் உப்பு ஊர்க்காரரு, அவர்கிட்ட கேளுங்க" என்பார்கள். "ஜட்ஜ் அண்ணே" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. நானும் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி பதில் சொல்வேன். உண்மையில் ஏ.சி. ஓடும் கேபினில் உட்கார்ந்திருப்பவன். பாத்திக்குள் நான் கால் வைத்ததே செல்ஃபி எடுக்கத்தான்.

தீர்ப்பு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கூடவே ஒரு ஜோக்கும் வைப்பேன். தீர்ப்புக்கு லைக் பத்து வந்தால் ஜோக்குக்கு நூறு வரும். கொஞ்ச நாளில் ஜோக் முதலில் தோன்றி, அதற்கு ஏற்ற தீர்ப்பு பிறகு தோன்ற ஆரம்பித்தது. இதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கத்தி வந்தது. கறுப்புக் கொம்புக் கைப்பிடி, ஒற்றை அலகு. சென்னையிலிருந்து ஒருவர் போட்டிருந்தார். "ஜெர்மன் கத்தி. என் அப்பா இளவயதில் கடலூர் துறைமுகத்தில் தோணியில் வேலை பார்த்தவர். ஒரு கப்பலின் புரொப்பல்லரில் கயிறு சிக்கியபோது தண்ணீருக்குள் போய் அறுத்துவிட்டார். அந்தக் கப்பல் கேப்டன் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. இப்போது அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, திறக்க முடியவில்லை. மதிப்புத் தெரிந்தவர் கைக்குப் போகட்டும் என்கிறார்." கீழே மூன்று போட்டோ.

எல்லாரும் என்னைத்தான் டேக் செய்தார்கள். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போது ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. லாரியை ஏற்றி, சீட்டு அடித்துக் கொடுத்து, திரும்ப உட்கார்ந்தபோது ஜோக் தயாராக இருந்தது.

மூன்று காரணம் எழுதினேன். ஒன்று, கைப்பிடியின் கோடியில் ஓட்டை இருக்கிறது, இந்த வகை ஜெர்மன் கத்தியில் கம்பெனி ஓட்டை போடுவதில்லை. இரண்டு, அலகு ஒல்லியாக இருக்கிறது, ஒரிஜினல் அகலமானது. மூன்று, அலகின் அடியில் இருக்கும் துரு உப்புத் துரு, ஊறப்போட்டது, இதை உப்பு ஊர்க்காரன் சொல்கிறேன். ஆகவே டூப்பு. கடைசியில் எழுதினேன்: "கேப்டன் கொடுத்தது உண்மையாவே இருக்கலாம். எந்தக் கப்பல்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. போட் ஹவுஸ்ல பெடல் மிதிச்சுப் போற வாத்துக் கப்பலா?"

அன்று குரூப்பில் வாத்து மழை. பொம்மை வாத்து, நிஜ வாத்து, கேப்டன் தொப்பி வைத்த வாத்து. யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியேயும் அனுப்பினார்கள். விற்பவர் மறுபடி ஒரே ஒரு வரி எழுதினார். "சார், எங்க அப்பா பொய் சொல்றவர் இல்ல."

அதற்கு நான் பதிலாக ஒரு வாத்து போட்டேன்.

இதை எழுதும்போது அந்த ஒரு வாத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றதை எல்லாம் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வாத்தை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரு மாதம் இருக்கும். உப்பு ஏற்ற வரும் லோடுமேன்களில் ஒருவன் அனுமந்தைக்காரன், ரெண்டு ஊர் தள்ளி மீனவக் குப்பம். வாய் ஓயாதவன். லாரி எடைக்கு ஏறிய நேரத்தில் கேபின் கதவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"ஏம்ணே, ஒரு காமெடி சொல்லட்டா? எங்க குப்பத்துல ஒரு பெருசு இருக்குது. நாப்பது வருசமா ஒரே கதை. கப்பல்காரன் கத்தி குடுத்தான், கப்பல்காரன் கத்தி குடுத்தான்னு. கல்யாணம், காதுகுத்து, சாவு, எங்க போனாலும் அந்தக் கத்திய எடுத்துக் காமிக்கும்."

என் விரல் சீட்டு அடிக்கும் பட்டனில் அப்படியே நின்றுவிட்டது.

"அத அவரு புள்ள ஆன்லைன்ல போட்டிருக்கறான். எவனோ ஒரு கத்தி டாக்டராம், பாத்துட்டு டூப்புன்னுட்டான். வாத்துக் கப்பல்ல குடுத்ததான்னு கேட்டானாம். குப்பம் ஃபுல்லா போன்ல சுத்துது. இப்ப பெருசுக்கு வாத்து கேப்டன்னு பேரு. தெருவுல போனா பசங்க 'குவாக் குவாக்'ங்குது."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அந்த நேரத்தில் சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று பயம்.

"பாவம்டா" என்றேன், ஒப்புக்கு.

"என்னா பாவம்? அதுவே ஒத்துகிச்சி. டூப்புதான், பாண்டி சண்டே மார்க்கெட்ல வாங்கினேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

ஒரு நொடி எனக்கு நிம்மதி வந்தது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான். அந்த நிம்மதி எத்தனை நேரம் நின்றது என்றால், அவன் லாரியின் தார்ப்பாய்க் கயிற்றை அறுக்க இடுப்பிலிருந்து தன் கத்தியை எடுக்கும் வரை.

அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கிய சின்ன மடக்குக் கத்தி. கைப்பிடியின் கோடியில் ஓட்டை. ஓட்டைக்குள் நைலான் நூல். அலகு தேய்ந்து ஒல்லியாகக் கிடந்தது. அடிமூலையில் ஆரஞ்சு நிறத்தில் உப்புத் துரு. என் மூன்று காரணமும் என் கண்ணுக்கு எதிரே நூலில் ஆடிக்கொண்டிருந்தன.

"அந்த ஓட்டை யார்றா போட்டது?"

"இதுவா? ஆணியக் காய வெச்சு நான்தான் போட்டேன். ஓட்ட இல்லாட்டி எங்க கட்டறது? கடல்ல வுழுந்தா கடலுக்கு, உப்பளத்துல வுழுந்தா சேத்துக்கு. இங்க எல்லாரு கத்திலயும் இருக்குமேண்ணே. நீ பாத்ததில்லயா?"

பார்த்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். படகிலிருந்து இறங்குகிறவன், கிழிந்த வலை பொத்துகிறவன், மூட்டை கட்டுகிறவன் எல்லாருடைய இடுப்பிலும். கூர் போட்டுக் கூர் போட்டு அலகு தேய்வதையும், துடைக்கிற துணி போகாத மூலையை உப்பு தின்பதையும். மூலையில் மட்டும் துரு இருந்தால் அது புழங்கிய கத்தி என்று நானே குரூப்பில் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஜெர்மனிக்காரன் எங்கே முத்திரை குத்துவான் என்று தெரிந்த எனக்கு, அனுமந்தைக்காரன் கத்தியை எங்கே கட்டுவான் என்பது ஞாபகம் வரவில்லை.

மூன்று நாள் குரூப் பக்கமே போகவில்லை. "என்னா, போன் கெட்டுப் போச்சா?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். என் ஜோக்குகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். இதற்கும் சிரிக்கவில்லை.

"வயசான மனுசனப் போய். எழுந்து போய் நேர்ல சொல்லிட்டு வாங்க."

"குரூப்லயே எழுதிடறேனே."

"குரூப்பா 'குவாக் குவாக்'னு கேக்குது? அவரு காதுதான கேக்குது. போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமந்தைக்கு வண்டியை எடுத்தேன். கூனிமேடு தாண்டும் வரைக்கும் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். குப்பத்துக்குள் திரும்பியதும் ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டை விசாரிக்க வேண்டும். பெரியவர் பெயர் எனக்குத் தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் "இங்க ஒரு பெரியவரு, கத்தி..." என்று இழுத்தேன். "வாத்து கேப்டன் வூடா? மூணாவது" என்றார்.

ஷீட் போட்ட வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார் பெரியவர். தோள்பட்டை இன்னும் தோணி தள்ளியவருடையது. கை மட்டும் மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் குடத்தோடு வெளியே வந்தாள். நான் வாய் திறந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் வாயிலிருந்து வந்தது இது: "கத்தி ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க. வாங்கலாம்னு..."

இப்படி ஒரு கோழை.

"அப்பா, வாத்துக் கத்திய பாக்க வந்திருக்காங்க" என்றாள் மகள், சாதாரணமாக. கேலி கூட இல்லை. அந்தக் கத்திக்கு வீட்டிலேயே அதுதான் பெயர் ஆகியிருந்தது.

"குந்து தம்பி. அது விக்கறதுக்கில்ல" என்றார் பெரியவர். "டூப்பு அது. தெரிஞ்சே உன் தலையில எதுக்குக் கட்டணும்?"

"சும்மா பாக்கறேனே."

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாங்கிய உடனே கனம் சொல்லிவிட்டது. இருந்தும் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். கைப்பிடியில் பெருவிரல் உட்காரும் இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆணி கையில் தட்டவில்லை. திறந்து மூடினேன். 'டக்'. நாற்பது வருஷம் உப்பில் கிடந்த ஸ்பிரிங் அந்தச் சத்தம் போட்டது. மகளிடம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயும் ஈர்க்குச்சியும் கேட்டு வாங்கி, அலகின் அடியில் இருந்த அழுக்கைச் சுரண்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக முத்திரை எழுந்து வந்தது. ஒரு ஜெர்மன் ஊர்ப் பெயரின் பாதி, பக்கத்தில் கூரான ஒரு சின்னக் கோபுரம்.

"பெரியவரே, இது ஒரிஜினல்."

"இல்ல தம்பி. சண்டே மார்க்கெட்ல வாங்கினது."

"இல்லீங்க. நல்லாத் தெரியும் எனக்கு. முத்திரை இருக்குது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "நான் ஒத்துகினது ஊருக்கே தெரியும். நீ இப்ப வந்து மாத்தாத."

"ஏன் ஒத்துகிட்டீங்க?"

"புள்ள போன் பண்ணான். ஆபீஸ்ல எல்லாம் கேக்கறாங்க, என் மானம் போவுது, இப்பவாவது நெசத்தச் சொல்லுப்பான்னான். நெசத்ததான் நாப்பது வருசமா சொல்லிகினு இருக்கறேன். அவன் கேட்ட நெசம் வேற. அதக் குடுத்துட்டேன். போன வச்சிட்டான்." கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்பறமும் பேசறான். சாப்டியா, மாத்திர போட்டியான்னு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கறதில்ல. என்னா கேட்டாலும் அப்பன் பொய்தான் சொல்லுவான்னு நெனச்சுக்கறான் போல."

இதற்கு மேல் என்னால் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அத எழுதினது நான்தாங்க" என்றேன்.

"எத?"

"டூப்புன்னு. வாத்துன்னு."

மகள் குடத்தைக் கீழே வைத்தாள். பெரியவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா? எந்த ஊரு?"

"மரக்காணம்."

"மரக்காணமா? நான் என்னமோ அமெரிக்காக்காரன்னு நெனச்சேன்." பிறகு, "அந்த வாத்து ஜோக்கு நல்லாதான் இருந்துச்சி. பொண்ணு படிச்சிக் காட்டினப்ப நானும் சிரிச்சேன். நம்மளத்தான் சொல்றான்னு அப்பறம்தான் வெளங்கிச்சி" என்றார்.

மகள் போனை எடுத்து, தம்பியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். யார் நான், என்ன எழுதினேன், எங்கே உட்கார்ந்திருக்கிறேன், கையில் என்ன இருக்கிறது என்று எல்லாம்.

"சார்" என்றார் மகன் கடைசியில், "நீங்க அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?"

"அப்பத் தப்பா சொன்னேன்."

"அப்பா உங்கள வரச் சொன்னாரா?"

"இல்லீங்க. நானாதான் வந்தேன்."

"மரக்காணம்னு சொல்றீங்க. ரெண்டு ஊர் தள்ளி. அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க யாரையாவது வச்சு..." அவர் முடிக்கவில்லை. பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் கிழித்ததை நானே வந்து தைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வந்திருந்தேன். என் தையலும் பெரியவர் கணக்கில் இன்னொரு பொய்யாகச் சேரும் என்று தோன்றவே இல்லை.

"குரூப்ல எழுதறேன், இப்பவே, பாருங்க" என்று என் போனை எடுத்தேன். "அன்று நான் சொன்னது தவறு. இன்று கத்தியை நேரில் பார்த்தேன். ஒரிஜினல். ஓட்டையும் தேய்மானமும் துருவும் எங்கள் கடற்கரையில் புழங்கிய அடையாளம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவரிடமும் அவர் மகனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் வைக்க விரல் தானாகப் போனது. பிடுங்கிக்கொண்டேன். அனுப்பிய அடுத்த நிமிஷம் வரிசையாக வாத்துகள் வந்து விழுந்தன. ஜட்ஜ் அண்ணன் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அதில் யாரைக் குறை சொல்வது.

மகனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. பிறகு கேட்டார்: "சார், கத்தி ஒரிஜினல்னு வச்சுக்குவோம். கேப்டன் குடுத்தாருங்கறது அதப் பாத்தா தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க. கத்தியப் பாத்தா கத்தியப் பத்தி மட்டும்தான் தெரியும். யாரு குடுத்தாங்கன்னு உங்க அப்பாதான் சொல்லணும். அத நான் டூப்புன்னு சொன்னது கத்தியப் பாத்து இல்ல. நாலு பேரு சிரிக்கறதுக்காக சொன்னேன்."

பெரியவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மகள் முந்தானையில் கையைத் துடைத்தாள், ஏற்கெனவே காய்ந்திருந்த கையை.

"அப்பா" என்றது போன். "அந்தக் கயிறு எங்க சிக்கினது?"

"புரொப்பல்லர்லடா. எத்தினி தபா சொல்றது?"

"உள்ள எப்டிப்பா போன? மூச்சு?"

பெரியவர் போனை ஆடும் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் நீட்டினார். "தம்பி, இது எல்லாருக்கும் கேக்குது. எப்பிடி ஆஃப் பண்றது?"

ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு சேரோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மொதல்லேந்து சொல்லட்டா?" என்று கேட்டார்.

மகன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியவர், "அப்ப கேளு" என்றார். நான் கத்தியை மடக்கி மகள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.